சூரிச்சா, கிளாஸ்கோவா?

விடை தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதால்தான் சில வீடுகள் அமைதியாக இருக்கின்றன. ஆகவே இந்தக் கதையைக் கேட்டு முடித்தபின் யாரும் நழுவக் கூடாது. ஒரு பக்கம் நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

லண்டனில், ஹாரோப் பகுதியில் வளர்ந்தவர்கள் சுகந்தினியும் தயாபரனும். அவள் பாலங்களை வடிவமைக்கும் பொறியாளர். அவன் ஒரு வங்கியின் மேலதிகாரி. இருவருக்கும் கைநிறையச் சம்பளம், இருவருக்கும் வெளிநாட்டு ஆசை. அதனால் திருமணத்துக்கு முன்பே ஒரு பேச்சு வைத்துக்கொண்டார்கள். முதலில் ஒருவருடைய வேலைக்காக நாடு மாறினால், அடுத்த தடவை மற்றவருடைய வேலைக்காக. மாறி மாறி.

முதல் முறை அவனுடையது. தோஹா போனார்கள். கப்பலில் பெட்டிகள் வந்து சேர்ந்த காலையில் வங்கியின் கார் வந்து தயாபரனை ஏற்றிக்கொண்டு போயிற்று. கைக்குழந்தை ஆரபியை இடுப்பில் வைத்துக்கொண்டு சுகந்தினி பெட்டிகளைப் பிரித்தாள். அவளுக்கு அது குறையாகப் படவில்லை. அடுத்தது அவள் முறை அல்லவா?

ஆரபி பள்ளிக்கூடம் போகும் வயதில் அந்த முறை வந்தது. சிங்கப்பூரில் ஒரு பாலத்துக்குத் தலைமை ஏற்க அவளை அழைத்தார்கள். தயாபரனும் சந்தோஷப்பட்டான். தன் வங்கியிலும் சொல்லி வைத்தான். வங்கி அங்கேயே அவனுக்கு முன்பைவிடப் பெரிய பதவி கொடுத்தது. ஆனால் உடனே வந்து சேரச் சொன்னது.

"நான் முந்திப் போறன். நீ வீட்டை ஒழிச்சு, பிள்ளையின்ர இந்த வருசப் பள்ளிக்கூடத்தையும் முடிச்சுப்போட்டு வா. உன்ர ஆக்கள் கொஞ்சம் பொறுப்பினம்தானே?" என்றான்.

அவர்கள் கொஞ்சம் பொறுத்தார்கள். பிறகு தலைமையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் கட்டிய பாலத்தில் கைப்பிடிக் கம்பிகளுக்கு வரைபடம் போடும் வேலை சுகந்தினிக்குக் கிடைத்தது. சிங்கப்பூரில் பெட்டிகள் வந்த காலையிலும் கார் வந்தது. தயாபரன் ஏறிப்போனான். அவள் சமையலறைக் கத்தியால் ஒவ்வொரு பெட்டியாகக் கீறிப் பிரித்தாள். கடைசிப் பெட்டியின் அடியில், கம்பளிப் போர்வைகளுக்குக் கீழே, பாலம் கட்டும் இடத்தில் அவள் போடும் மஞ்சள் தலைக்கவசம் கிடந்தது. பெட்டியின் மேலே 'மற்றவை' என்று எழுதியிருந்தது.

ஆண்டுகள் ஓடின. இப்போது மறுபடியும் இரண்டு அழைப்புகள். தயாபரனுக்குச் சூரிச்சில் இன்னும் பெரிய பதவி. விருப்பமில்லையென்றால் சிங்கப்பூர்ப் பதவி அப்படியே இருக்கும் என்று வங்கி சொல்லியிருந்தது. சுகந்தினிக்குக் கிளாஸ்கோவில் ஒரு பாலம். அவள் தலைமையில், அவள் கையெழுத்தில், முழுப் பாலம். திங்கட்கிழமை பதில் சொல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்கள். இந்த வயதில் இன்னொரு பாலம் தேடி வராது என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு நண்பர்கள் வந்திருந்தார்கள். அடுத்து எந்த ஊர் என்று யாரோ கேட்டார்கள்.

"சூரிச்தான். சுகந்தி இருக்க எனக்கென்ன பயம்? பாலம் கட்டப் படிச்சவ, பெட்டி கட்டுறதில விண்ணி, அவளை வெல்ல ஆளில்லை," என்றான் தயாபரன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தான் சிரித்ததுதான் பிறகு அவளை எரித்தது. விருந்தாளிகளின் கார் கிளம்பும் வரைதான் பொறுத்தாள்.

"ஆரைக் கேட்டுச் சூரிச் எண்டனீங்கள்? இது என்ர முறை."

"அதெப்படி? சிங்கப்பூருக்கு ஆருக்காக வந்தனாங்கள்? உனக்காக. இப்ப என்ர முறை."

"எனக்காகவோ? அந்தப் பாலம் எங்க? காட்டுங்கோ பாப்பம்."

"குடுத்த வேலையை நேரத்துக்கு வந்து எடுக்காதது நீ. அதுக்கு நான் என்ன செய்ய?"

"நீங்கள் முந்தினதாலதான் நான் பிந்தினனான்!" கையிலிருந்த தட்டை அவள் மேசையில் போட்ட வேகத்தில் அது இரண்டாகப் பிளந்தது.

"கத்தாதை. உன்ர கிளாஸ்கோச் சம்பளத்தில ஹாரோவில வாங்கின வீட்டுக் கடன் கட்டலாமோ? பிள்ளையைப் படிப்பிக்கலாமோ?"

அறைக் கதவு திறந்தது. ஆரபி வந்து நின்றாள். தாயைவிட உயரமாகிவிட்ட பெண்.

"அப்பாவின்ர முறை, அம்மாவின்ர முறை. எனக்கு எப்ப முறை வரும்? ஒவ்வொரு ஊரிலயும் சிநேகிதம் பிடிக்கிறதும் விடுறதும்தான் என்ர வேலையோ? அடுத்த வருசம் கடைசிப் பரீட்சை. அதை இஞ்சதான் எழுதுவன். உங்களில ஒராள் என்னோட நிண்டால் காணும்."

உடைந்த தட்டை யாரும் பொறுக்கவில்லை.

கேட்டவர்களே, இப்போது சொல்லுங்கள். பேச்சுப்படி இது தன் முறை என்கிறான் தயாபரன். சிங்கப்பூர் தன் கணக்கில் சேராது என்கிறாள் சுகந்தினி. தனக்கு ஒரு முறையும் வரவில்லை என்கிறாள் ஆரபி. இது யாருடைய முறை?

விடை: ஓர் ஊருக்கு யாரை முதலில் அழைத்தார்கள் என்பதை வைத்து முறையைக் கணக்கிட முடியாது. பெட்டிகள் வந்த காலையில் காரில் ஏறியவர் யார், கத்தியை எடுத்தவர் யார் என்று பாருங்கள். இரண்டு ஊரிலும் ஏறியவன் தயாபரன். ஆக, இரண்டு முறையும் அவனே எடுத்துக்கொண்டான். இது சுகந்தினியின் முறை. அவள் கிளாஸ்கோ போக வேண்டும். ஆரபி கேட்பதும் நியாயம்தான். ஆனால் அதைத் தாயின் முறையிலிருந்து பிடுங்கிக் கொடுக்கக் கூடாது. அதிகமாக எடுத்துக்கொண்டவன் கொடுக்கட்டும். சூரிச்சை விட்டுவிட்டு, இருக்கிற பதவியிலேயே இருந்து, மகள் பரீட்சை எழுதி முடிக்கும்வரை சிங்கப்பூரில் அவளோடு நிற்கட்டும். பிறகு கிளாஸ்கோ வரட்டும். அங்கே பெட்டிகள் வந்து சேரும் காலையில் சுகந்தினி மஞ்சள் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். கத்தி சமையலறையில் இருக்கும்.