கிளிப் மாட்டிய இடம்

கோத்தகிரியில் ஆரோக்கியம் கார் எலக்ட்ரிக் பட்டறை நடத்தி வந்தார். அவரிடம் தொழில் கற்க வந்த சடையன் அவரைவிட மூத்தவர். லாரி ஓட்டி முதுகு போனபின் வந்தவர். இளையவரிடம் கைகட்டி நிற்பது லேசான காரியமில்லை. ஆனாலும் சடையனின் கோபம் ஆரோக்கியத்தின் மேல் இல்லை. கூடவே வேலை கற்கும் போஜன் மேல்தான்.

ஒரு மார்கழிக் காலையில் எஸ்டேட் கார் ஒன்று வந்தது. ஹீட்டர் ஃபேன் சுற்றவில்லை. பனியில் கண்ணாடி மூடிக்கொள்கிறது, வளைவில் எதிரே வரும் வண்டி தெரியவில்லை என்றார் டிரைவர். அந்த ஃபேனுக்குப் போன வாரம்தான் போஜன் புது வயர் இழுத்திருந்தான்.

சடையன் டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார். ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் ஊசி, நடுவே சின்ன பல்பு. கிளிப்பை வண்டியின் தகட்டில் மாட்டிவிட்டு, கரண்ட் வர வேண்டிய இடத்தை ஊசியால் தொட்டால் பல்பு எரியும். சடையன் வேறெதையும் தொட்டுப் பார்க்கவில்லை. கையருகே இருந்த தகட்டில் கிளிப்பை மாட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு, நேராகப் போஜன் இழுத்த வயரின் நுனியில் ஊசியை வைத்தார்.

பல்பு எரியவில்லை.

அவர் ஆரோக்கியத்திடம் போனார். வயரில் கரண்ட் இல்லை, இவன் செய்வதெல்லாம் அரைகுறை, நாளைக்கு எவனாவது பள்ளத்தில் விழுந்தால் பட்டறைக்குத்தான் கெட்ட பெயர் என்றார்.

"இன்னைக்கே அவனை அனுப்புங்க மேஸ்திரி. அவன் இருந்தா நான் இல்லை."

போஜன் தலையை நிமிர்த்தவில்லை. "அந்த ஊசி காலையில இருந்து என்னையத்தான் குத்துது" என்றான்.

ஆரோக்கியம் எழுந்து வந்தார்.

"கிளிப் அங்கேயே இருக்கட்டும். ஊசியை பேட்டரியில வைங்க அண்ணே."

சடையன் வைத்தார். எரியவில்லை.

"இந்த வண்டி எப்படி வந்துச்சு?"

"ஓட்டிக்கிட்டுத்தான் வந்தாங்க."

"அப்ப பேட்டரியையும் போஜன்தான் கெடுத்தானா?"

டிரைவர் சிரித்துவிட்டார். சடையன் குனிந்து பார்த்தார். கிளிப் புதுப் பெயின்ட்டின் மேல் கவ்வியிருந்தது. பெயின்ட்டைத் தாண்டிக் கரண்ட் போகாது. அவர் அதைக் கழற்றி வெறும் இரும்பில் மாட்டினார். பேட்டரியில் எரிந்தது. போஜனின் வயரிலும் எரிந்தது.

ஃபேனிலிருந்து வண்டித் தகட்டுக்குப் போகும் பழைய எர்த் வயரின் முனை துருப்பிடித்துக் கிடந்தது. ஆரோக்கியம் அதை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினார். ஃபேன் சுற்றியது. கண்ணாடி தெளிந்தது. டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

சடையன் அங்கேயே நின்றார்.

"வயர் போகட்டும் மேஸ்திரி. போன பொங்கலுக்கு டீக்கடையில என்னைப் பார்த்துச் சிரிச்சான். என் கண்ணால பார்த்தேன். அவனை அனுப்பித்தான் ஆகணும்."

ஆரோக்கியம் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்குக் கிளிப்பை எங்க மாட்டியிருந்தீங்க அண்ணே?"