தனியே உள்ளே போன கால்கள்

கடல் இன்றைவிடக் கொஞ்சம் உப்புக் குறைவாக இருந்த காலத்தில் நடந்த சங்கதி இது. நம்பாதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். விரல் இடுக்கு வழியாகக் கேட்கத்தான் போகிறீர்கள்.

முத்துக் குளிக்கும் ஊர் ஒன்றில் பிலவேந்திரர் என்ற வணிகர் இருந்தார். அவரைவிடப் பணக்காரர் அங்கே இல்லை. அந்த ஊரில் ஒரு வழக்கம். ஏசு தம் சீடர்களின் காலைக் கழுவிய நாளான பெரிய வியாழன் மாலையில், ஊரின் பெரிய பணக்காரர் மாதா கோயிலில் பன்னிரண்டு ஏழைகளின் காலைக் கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், முத்தமிட வேண்டும்.

பிலவேந்திரருக்கு அந்தப் பெருமை வேண்டும். அழுக்குக் கால் வேண்டாம். ஆகவே மைத்துனர்களையும் பங்காளிகளையும் பிடித்து, வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவவைத்து, சந்தனம் பூசி, கிழிசல் வேட்டி கட்டிவிட்டு, வரிசையாக உட்காரவைத்தார்.

கோயில் வாசலில், ஊரின் மற்ற ஏழைகளோடு சந்தியாகு இருந்தான். பெருநோய் தின்ற உடம்பு.

"எசமானே, நானும் ஏழைதானே. ஓரமா உட்காந்துக்கிடட்டுமா?"

"நீ வந்தா கோயில் நாறும்லே. படி தாண்டாதே!"

வழிபாடு தொடங்கியது. பிலவேந்திரர் வெள்ளித் தாம்பாளத்தோடு மூத்த மைத்துனரின் முன் குனிந்தார். அங்கே விரல் உதிர்ந்து, சீழ் கசிகிற கால். திடுக்கிட்டு நிமிர்ந்தார். மைத்துனரின் கொழுத்த முகம் சிரித்தது.

"என்ன மாப்பிள்ளே, கூச்சமா?"

குனிந்தார். அதே கால். முத்தமிடாமல் நகர்ந்தார். அவருடைய பாதம் மரத்துப்போயிற்று.

இரண்டாவதாக ஒரு பங்காளி. அதே கால். நகர்ந்தார். முழங்கால் வரை மரத்துக் குளிர்ந்தது.

மூன்றாவது ஆள். அதே கால், அதன் பெருவிரல் மெல்ல அசைந்தது, கூப்பிடுவதுபோல. விலகினார். இடுப்பு வரை செத்துப்போயிற்று. வரிசையில் இன்னும் எத்தனையோ பேர். அதற்குள் குளிர் நெஞ்சுக்கு வந்துவிடும் என்று அவருக்குப் புரிந்தது.

உடம்பைக் கைகளால் இழுத்து இழுத்து வாசலுக்கு வந்தார். சந்தியாகு சுவரில் சாய்ந்திருந்தான். அவன் வேட்டிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ரத்தமில்லை, காயமில்லை, வெறும் மணல்.

"ஏலே, உன் கால் எங்கே?"

"உள்ளே போயிருக்கு எசமானே. நீங்க என்னைத்தானே வராதேன்னீங்க? காலை ஒண்ணும் சொல்லலையே. நானும் தடுத்துப் பார்த்தேன், கேட்டாத்தானே!"

"அதைத் திரும்பக் கூப்பிடு!"

"நான் போய்த்தான் கூட்டிட்டு வரணும். எப்படிப் போக, நடந்தா?"

குளிர் விலாவில் ஏறிக்கொண்டிருந்தது. பிலவேந்திரர் கைகளை ஊன்றி முதுகைக் காட்டினார்.

"ஏறுலே" என்றார். என்ன தோன்றியதோ, மறுபடி சொன்னார்: "ஏறிக்கோங்க, அண்ணே."

பட்டுச் சால்வை புழுதியில் புரள, அவனைச் சுமந்து தவழ்ந்தார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "மாப்பிள்ளைக்குப் பேய் பிடிச்சிட்டு" என்று மைத்துனர் கத்தினார். பிலவேந்திரர் தன் சொந்த நாற்காலியில் சந்தியாகுவை ஏற்றி உட்காரவைத்தார். கால்கள் இரண்டும் அவனிடம் வந்து சேர்ந்திருந்தன. கழுவினார், துடைத்தார், முத்தமிட்டார்.

கல்தரை முழங்காலில் சுரீரென்று உறைத்தது. அந்த வலிக்கு அவர் அழுதார். இப்போது எழுந்து நிற்கலாம், ஆனால் எழவில்லை.

"உங்க ஆளுங்க இன்னும் வெளியே நிக்காங்களா, அண்ணே?"

"நிக்காங்க."

"கூப்பிடுங்க. முழுசா வரட்டும்."

சந்தனக் கால்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து இடம் விட்டார்கள்.

ஒதுக்கி வைத்தவரை உள்ளே அழைத்து, அவர் முன் குனிகிறவனுடைய தாழ்மையைத்தான் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார்.