நாச்சிமுத்து உடம்புக்குள் இருக்கும் பட்டாளம்

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாய்க்கடி ஊசிக்கு ஒரு முறை உண்டு. ஒரு பாட்டிலை உடைத்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது. அதனால் பூங்கோதை சிஸ்டர் ஆள் சேரும்வரை எல்லோரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார், ஷேர் ஆட்டோ கிளம்புகிற மாதிரி. நான் வீடு வீடாகக் கேஸ் சிலிண்டர் போடுகிறவன். தோளில் சிலிண்டர் இருக்கும்போது நாய் வந்தால் ஓடவும் முடியாது, விரட்டவும் முடியாது, நின்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்தில் டைலர் ஜமால் பாய். அவரைப் பதம் பார்த்ததும் என்னைக் கடித்த அதே சந்தைப்பேட்டைச் செவலை நாய்தான். பேண்ட் புண்ணியத்தில் இரண்டு பேருக்கும் கீறலோடு போயிற்று. இன்னும் ஓர் ஆள் வந்தால் பாட்டில் உடையும் என்றிருந்த நேரத்தில் கடவுள் நாச்சிமுத்து அண்ணனை அனுப்பிவைத்தார். வாயைப் பூட்டி அனுப்பியிருக்கலாம்.

அண்ணன் தேங்காயை உடைத்துக் கொப்பரையாகக் காயவைக்கும் களம் வைத்திருக்கிறவர். தானாக வரவில்லை, மனைவி ராமாத்தாள் இழுத்து வந்திருந்தார். கெண்டைக்காலில் அதே செவலையின் பல் நன்றாகப் பதிந்திருந்தது. அதன்மேல் காப்பித்தூளை அப்பியிருந்தார்.

"சிக்கரி கலந்ததுங்களா, கலக்காததுங்களா?" என்று விசாரித்தார் ஜமால் பாய்.

சிஸ்டர் அண்ணனை வாசல் குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்பைக் கையில் கொடுத்தார். "நான் போதும்ங்கற வரைக்கும் தண்ணியத் தொறந்துவிட்டுக் கழுவிட்டே இருங்க. அப்புறம் ஊசி."

"கழுவறனுங். ஊசியெல்லாம் நமக்கு வேண்டாமுங். இவங்களுக்குப் போட்டு அனுப்புங்க."

"உங்களையும் சேர்த்துத்தான் பாட்டிலை ஒடைக்கணும்" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் உள்ளே போய்விட்டார். ஆக, எங்கள் இரண்டு பேர் தலையெழுத்தும் அண்ணன் கையில். அவரோ காலைத் தண்ணீரில் நீட்டிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"என்ற உடம்பப் பத்தித் தெரியாமப் பேசுது இந்தச் சிஸ்டரு. மொதல்ல இந்தத் தோலு. ஆத்தா வகுத்துல இருந்து வாறப்பவே கூட வந்த கோட்டைச் சொவரு. போன ஐப்பசில ஒரு கொசு வந்து முழங்கையில குத்துச்சு. மூக்கு அப்பிடியே வளைஞ்சு போச்சு. பாவம், வளைஞ்ச மூக்கோட களத்தையே சுத்திச் சுத்தி வந்துது. நாந்தான் புடிச்சு, குறடால நிமித்தி உட்டேன்."

"அப்ப நாய்ப் பல்லு எப்பிடிங்ணா எறங்குச்சு?" என்றேன்.

"நாந்தான் தம்பி தோலைக் கொஞ்சம் தளத்திக் குடுத்தேன். இல்லீனா அதும் பல்லு பூராக் கொட்டிப் போயிருக்கும். வாயில்லாச் சீவன், நாளைக்கு எலும்பு கடிக்கோணுமல்ல."

"வாயில்லாச் சீவன் கடிச்சதுதான் எங்க காலுல தெரியுதுங்களே" என்றார் பாய்.

அண்ணனுக்கு அது காதில் விழவில்லை. "செரி, தோலைத் தாண்டி மூக்கு வழியா வாறான்னு வைங்க. அங்க சளி இருக்குது. சேத்துல மாட்டுன லாரியாட்டம் கிருமி அங்கியே நின்னுக்குவான். அப்பறம் ஒரு தும்மலு. ஊரே மூஞ்சிக்குத் துணி கட்டிட்டுத் திரிஞ்ச வருசம் ஒருக்காத் தும்முனேன். களத்துக் கூரைத் தகரம் பறந்து போயிப் பொள்ளாச்சி ரோட்டுல உழுந்துது. அதுமேல உக்காந்துட்டுப் போன கிருமிக எல்லாம் திரும்பி வர வழி தெரியாம அங்கியே தங்கிட்டாங்க."

"அந்தத் தகரம் ஆடிக் காத்துல போச்சு. மதிலுக்கு அந்தப் பக்கந்தான் கெடந்துது" என்றார் ராமாத்தாள்.

"அந்தக் காத்து எங்கிருந்து வந்துதுன்னு கேளு புள்ள."

யாரும் கேட்பதற்குள் அவர் வயிற்றுக்கு இறங்கினார். "வகுத்துல இருக்கறது சோத்துத் தண்ணியில்ல, திராவகம். என்ற மச்சினன் கல்யாணத்துல ஊசிப்போன தயிர்சோறு தின்னு பந்தியே படுத்துருச்சு. நான் மட்டும் அடுத்த பந்திலயும் உக்காந்தேன். திருப்தியா ஒரு ஏப்பம் உட்டேன். எதுத்தாப்பல இருந்தவரு எவர்சில்வர் டம்ளரு ஓட்டையாப் போச்சு."

ஜமால் பாய் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"இதெல்லாம் வாசக் காவலு. உள்ள ரத்தத்துல ஒரு பட்டாளமே இருக்குது, வெள்ளை அணுன்னு பேரு. ஒருக்கா காலுல ஆணி குத்துச்சு. பட்டாளம் பூரா ஒட்டுக்கா வந்து அங்க எறங்கிட்டாங்க. காலு செவந்து, வீங்கி, கொதிக்குது. கிருமியப் புடிச்சு முழுங்கறதும், முழுங்கிட்டு அங்கியே சாயறதும். சீழுங்கறமே, அது அவிய பொணந்தான். கூடவே காச்சலு. அன்னிக்குப் பாத்து மழை மூட்டம், களத்துல ஒடச்ச தேங்கா ஈரமாக் கெடக்குது. நடுவுல கட்டலைப் போட்டுப் படுத்தேன். பொழுது உழுகறதுக்குள்ள அத்தனையும் கொப்பரை. எண்ணெய் மில்லுக்காரரு வந்து, அடுத்த காச்சலு எப்பங்கன்னு கேட்டுட்டுப் போனாரு."

"அந்தக் காச்சல்ல ஆத்தா, ஆத்தான்னு அழுதது ஆருங்க?" என்றார் ராமாத்தாள்.

"கண்ணீர்லயும் கிருமியக் கொல்ற மருந்து இருக்குது புள்ள. ரெண்டு சொட்டு கெணத்துல உழுந்துது. அந்த வருசம் பஞ்சாயத்துல பிளீச்சிங் பவுடரே போடுல."

"எந்த வருசம் போட்டாங்க?" என்றார் பாய்.

அண்ணன் கடைசிக் கட்டத்துக்கு வந்தார். "காத்தால அந்தச் செவலை வாயில இருந்து உள்ள வந்த கிருமிய என்ற ஆளுக காதைப் புடிச்சு, அதும் வாய்க்கே திருப்பி அனுப்பிட்டாங்க. அடி வாங்குன கிருமி இனி தலை தூக்குமா? என்னையக் கடிச்ச புண்ணியத்துக்கு அந்த நாய்க்கு ஆயுசுக்கும் வெறி புடிக்காது. நாயமாப் பாத்தா அதைய இங்க கூட்டிட்டு வந்து எனக்குக் கும்புடு போட வைக்கோணும்."

சிஸ்டர் வெளியே வந்து குழாயை மூடினார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் போல.

"நீங்க சொன்ன காவல் எல்லாம் இருக்கறது நிஜம்தாங்க. எனக்கும் இருக்கு, அந்த நாய்க்கும் இருக்கு. ஆனா இந்தக் கிருமி அவங்க காவல் நிக்கற ரோட்டுல வராது. நரம்புக்குள்ள பூந்து சத்தமில்லாம மேல ஏறும். உங்க ஆளுங்களுக்கு விஷயம் தெரியறப்ப அது மூளைக்குப் போயிருக்கும். அதுக்கப்புறம் காப்பாத்த எங்ககிட்ட மருந்து இல்ல, எந்தப் பெரிய ஆஸ்பத்திரிலயும் இல்ல. அது யாருன்னு உங்க ஆளுங்களுக்கு முன்னாடியே மூஞ்சியக் காட்டி வைக்கத்தான் இந்த ஊசி."

இவ்வளவு நேரம் நக்கலடித்துக்கொண்டிருந்த நானே பேண்டைத் தூக்கிக் கீறலை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். ராமாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்குதுங்க. போட்டுக்குங்க" என்றார்.

அண்ணன் ஈரக் காலைக் குனிந்து பார்த்தார். "நீ பயப்படறீன்னுதான் போட்டுக்கறேன். ஊசி வளைஞ்சா என்னையக் கேக்கப்படாது" என்றார். குரல் மட்டும் பாதியாகியிருந்தது.

பாட்டில் உடைந்தது. எனக்கும் பாய்க்கும் ஆயிற்று. அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கையைக் கொடுத்தார், இடது கையைக் கொடுத்தார். ஊசி வளையவில்லை. அண்ணன்தான் வளைந்து வந்து என் தோளில் சாய்ந்தார். நிறைந்த சிலிண்டரைவிடக் கனம்.

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் விழித்தார். சுற்றி நின்ற எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மயங்கிட்டன்னு நெனைச்சுப் போடாதீங்க. புதுசா ஒரு மூஞ்சியக் காட்டறாங்கன்னதும் பட்டாளம் பூரா ஒட்டுக்கா எட்டிப் பாத்துருச்சு. அத்தனை பேரு ஒரே பக்கம் சாஞ்சா உடம்பு என்ன பண்ணும்? அதுவுஞ் சாஞ்சிருச்சு."

சிஸ்டர் இன்னொரு ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். "எல்லாரையும் அப்படியே சாஞ்சிருக்கச் சொல்லுங்க" என்றார். "கடிச்ச இடத்தைச் சுத்திப் போடற ஊசி இன்னும் பாக்கி இருக்கு."