பூமயிலுக்கு வேலை இல்லையாம்

மக்கள்தொகைக் கணக்கெடுக்க எஸ்தர் டீச்சர் வந்திருந்தார். சிவனணைந்தான் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நான் விவசாயம். என் மருமக பூமயிலு வீட்டுல சும்மாதான் இருக்கா. வேலை இல்லைன்னு எழுதிக்கோங்க."

சாணிக்கூடையோடு தொழுவத்திலிருந்து வந்த பூமயிலுக்குச் சுருக்கென்றது. "நானும் வேலை செய்றவதானே, மாமா? அப்படி எழுதச் சொல்லுங்களேன்."

"சம்பளம் வாங்காதவளுக்கு என்ன வேலை? டீச்சர் மட்டும் அப்படி எழுதட்டும், ஒரு மாசம் நானே சாணி அள்ளுறேன்!" தெருவே கேட்கச் சிரித்தார்.

பூமயிலு கூடையை இறக்கி வைத்தாள். "சரி மாமா. வந்தவங்களைக் காப்பி கொடுக்காம அனுப்பக் கூடாது. நான்தான் சும்மா இருக்கிறவளாச்சே, நீங்களே பாலைக் கறந்துட்டு வாங்க."

வீம்பாகச் செம்பை எடுத்துக்கொண்டு போனார். முதலில் கன்றை அவிழ்த்துவிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மடியில் கை வைத்ததும் செவலைப் பசு விட்டது ஒரு உதை. செம்பு முற்றத்துக்கு உருண்டது, பின்னாலேயே அவரும்.

"சனியன் பிடிச்ச மாடு! மூணு வருஷமா காலையும் மாலையும் என் மருமக ஒருத்திதான் கறக்குறா. வேற கையை அண்டவிடாது, டீச்சர்!"

"தினமுமா?"

"ஒரு நாள் தவறினதில்லை!"

டீச்சர் பேனாவைத் திறந்தார். "வீட்டு மாட்டைப் பார்த்துப் பால் கறக்குறதும் வேலைதான், ஐயா. கூலி வாங்கலைன்னாலும் கணக்கு உண்டு." பூமயிலு பேருக்கு நேரே, வருஷம் முழுக்க வேலை செய்பவர் என்று எழுதினார்.

பூமயிலு கன்றை அவிழ்த்துவிட்டு, சாமியை நினைத்துக்கொண்டு பாலைக் கறந்து, எல்லாருக்கும் காப்பி போட்டாள். மாமா குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டு கூடையை நீட்டினாள்.

"பார்த்து மாமா, செவலைக்குப் பின்னால மட்டும் போயிராதீங்க."