கடைசி வேலியில் கத்திய கௌதாரி

மனுசர் பேசுவது பறவைக்கும் பறவை பேசுவது மனுசருக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், நரிப்பாறை மேட்டுக் கௌதாரிகள் கத்தியதே இல்லை. இன்றைக்குக் கேட்கிறோமே, விடியும் முன்னே காது கிழிகிற மாதிரி ஒரு கத்தல், அது அப்போது அவற்றின் தொண்டையில் இல்லை.

அந்த மேடு ஏரோட்டுகிற பூமி இல்லை. மழை கம்மி, கல் அதிகம். கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கும். இடையிடையே வெள்வேல மரம். ஆடும் மாடும் மேயும். ஒருத்தர் மேய்ச்சல் காட்டுக்கும் அடுத்தவர் காட்டுக்கும் நடுவில் கிளுவை வேலி இருந்தது. கிளுவை முள்ளைப் பற்றித் தெரியுமல்லவா? ஒரு கிளையை ஒடித்து நட்டால் போதும், வேர் பிடித்துப் பக்கத்துக் கிளையோடு பின்னிக்கொள்ளும். அதற்குள் ஆள் நுழைய முடியாது, மாடு நுழைய முடியாது, வல்லூறு தலையைக்கூட நுழைக்க முடியாது. கௌதாரி மட்டும் நுழையும். வேலியின் அடியில் சருகை ஒதுக்கி முட்டையிடும். வேலி ஓரமாகவே குஞ்சுகளை நடத்திக்கொண்டு மேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்வரும். வேலிதான் அதற்கு வீடு, தெருவும் அதுதான். அக்காளும் தங்கையும் அடுத்த வேலியிலேயே இருக்கும்போது கத்துவானேன்? தோளில் தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாமல் பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற மாதிரி, மெதுவாகப் பேசினாலே போதுமாக இருந்தது.

மேட்டடியில் நாச்சான் என்று ஒரு வேட்டைக்காரன் இருந்தான். மாட்டு வால் மயிரை முறுக்கிக் கண்ணி செய்து கௌதாரி பிடிப்பான். தின்பான், சந்தையிலும் விற்பான். அவனை நல்லவன் என்று சொல்ல வரவில்லை. கண்ணியில் கால் மாட்டிய பறவைக்கு அவன் எமன்தான். ஆனாலும் அவனிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. புல் விதை கொட்டிய பிறகுதான் கண்ணியை எடுப்பான். மழை விழுந்து கௌதாரிகள் சோடி சேர்ந்தால் கண்ணியைச் சுருட்டிக் கூரையில் செருகிவிடுவான். ஒரு கூட்டத்தில் ஒன்றைப் பிடித்தால் அந்தக் கூட்டத்தை அந்த வருசம் திரும்பத் தொடமாட்டான்.

பொரிச்சி என்ற பெட்டைக் கௌதாரிக்கும் அவனுக்கும் எப்போதும் வாய்ச்சண்டை.

"என்னுங்க நாச்சண்ணா, இன்னிக்கும் வெறுங்கையா? அண்ணி ஊட்டுக்குள்ள உடுவாங்களா?" என்று வேலிக்குள் இருந்து கேட்பாள்.

"உன்ற வாய்க்காகவே ஒரு நாளைக்கு உன்னையப் புடிக்கறேன் பாரு அம்மணி."

"புடிப்பீங்க, புடிப்பீங்க. அதுக்கு நானு அசந்து நிக்கோணுமே!"

அவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான். இரண்டு பேருக்கும் தெரியும், அடுத்த வருசமும் அந்த மேட்டில் கௌதாரி இருக்கும் என்று. அந்தத் தைரியத்தில்தான் அந்தக் கேலியெல்லாம்.

இப்படி இருக்கையில் அத்தியப்பன் என்கிற பண்ணாடிக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மேட்டில் பாதிக் காடு அவருடையது. ஒரு நாள் வேலி ஓரமாக நடந்து பார்த்தவர், "இந்த முள்ளு அடைச்சுக்கிட்டு நிக்கற எடத்துல மட்டும் நாலு சால் ஏரோட்டலாம்டா" என்றார். ஓட்டினார். முதலில் ஒரு வேலி. அப்புறம் புல்லுக்கு நெருப்பு வைத்து, கருகின நிலத்தை உழுது பருத்தி போட்டார். முதல் வருசம் பருத்தி நன்றாகவே வெடித்தது. அதைப் பார்த்த மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கு ஒரு வேலியைப் பிடுங்கினார்கள். பிடுங்கின முள்ளை ஊர் நடுவில் மலைமாதிரி குவித்து வைத்தார்கள், அடுப்புக்கு ஆகும் என்று.

வேலி போன இடத்தில் கௌதாரி எங்கே போகும்? உழுத மண்ணில் ஒளிய ஒரு புல்நுனி கிடையாது. அந்த வருசம் பொரிச்சி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தங்கை இருந்த வேலிக்குப் போகப் புறப்பட்டாள். முன்பெல்லாம் நிழலிலேயே நடந்துபோன வழி அது. இப்போது நடுவில் வெட்டவெளி. பாதி தூரம் போவதற்குள் வல்லூறு மூன்று முறை இறங்கியது. மிச்சக் குஞ்சுகளை மண்கட்டிக்குப் பின்னால் நெருப்பு வெயிலில் படுக்க வைத்தாள். பொழுது சாய்ந்து எழுப்பியபோது ஒன்றும் எழுந்திருக்கவில்லை. அவள் மட்டும் திரும்பி வந்தாள்.

கௌதாரி குறையக் குறையக் கரையான் பெருகியது. கரையானைத் தின்ன ஆள் இல்லையே! பருத்திச் செடியின் வேரைத் தின்றது, வீட்டு உத்தரத்தைத் தின்றது, தானியக் குதிரில் ஏறியது. அப்போதுதான் ஊருக்குக் கௌதாரியின் ஞாபகம் வந்தது. ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

கௌதாரியைப் பற்றிய அந்தக் கூட்டத்துக்கு ஒரு கௌதாரியைக்கூட யாரும் கூப்பிடவில்லை.

"கௌதாரி எங்க போச்சு?" என்று அத்தியப்பன் ஆரம்பித்தார். "றெக்கை கட்டிக்கிட்டு ஆகாசத்துக்கா போச்சு? அதா உக்காந்திருக்கானே நாச்சான், அவன் வவுத்துக்குத்தான் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள்.

நாச்சான் எழுந்து, "எங்க அப்பன் காலத்துல இருந்து புடிக்கறமுங்க. அப்பல்லாம் குறையலீங்களே. வேலியப் புடுங்கினதுக்கு அப்புறந்தானுங்க..." என்று ஆரம்பித்தான்.

"அட, திருடன் ஊட்டுக்காரனையே கை காட்டறான் பாருங்கய்யா!" என்று அத்தியப்பன் மறித்தார்.

நாச்சான் பெண்டாட்டி பாவாயி இடுப்பில் கைப்பிள்ளையோடு ஓரமாக நின்றிருந்தாள். கூட்டத்தில் வாய் திறந்து பழக்கமில்லாதவள். அன்றைக்கு என்னமோ துணிந்து, "எந்த வேலியில கௌதாரி இருக்குதுன்னு ஒரு தடவ போய்ப் பார்த்துட்டு வந்து பேசுங்க சாமி" என்றாள்.

"பொம்பளை பேசற எடமா இது? புள்ளை அழுவுது பாரு, போயிப் பால் குடு" என்றார்கள். பிள்ளை அழவே இல்லை.

தீர்ப்புச் சொன்னார்கள். இனி இந்த ஊரில் யாரும் கௌதாரி பிடிக்கக் கூடாது. நாச்சான் வீட்டுக் கூரையில் இருந்த கண்ணியெல்லாம் கொண்டுவரப்பட்டது. எல்லார் முன்னாலும் எரிக்க வேண்டும் என்றார்கள். எரிக்க விறகு? ஊர் நடுவில் குவித்திருந்த கிளுவை முள்ளை அள்ளிப் போட்டார்கள்! அந்த முள்ளுக்குள் கௌதாரியின் கூட்டுச் சருகு இருந்தது, ஓட்டை விழுந்த பழைய முட்டை ஓடு இருந்தது. அதையும் சேர்த்துத்தான் கொளுத்தினார்கள். கண்ணி ஒரு கணத்தில் கருகிப்போனது. வேலிதான் நெடுநேரம் எரிந்தது. "கௌதாரியக் காப்பாத்திட்டம்" என்று சொல்லிக்கொண்டு, அந்தத் தீயில் குளிர் காய்ந்துவிட்டு, எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தருக்காவது உறைத்ததா? இல்லை.

அடுத்த வருசம் யாரும் கண்ணி வைக்கவில்லை. கௌதாரி இன்னும் குறைந்தது.

மேட்டில் மிஞ்சியது ஒரே ஒரு வேலி. கிழக்குக் கோடியில், அத்தியப்பன் காட்டு எல்லையில். அதன் அடியில் பொரிச்சி மறுபடி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். அவள் சோடிச் சேவலை அதற்குள் வல்லூறு கொண்டுபோயிருந்தது. இன்னும் சில நாளில் பொரிந்துவிடும். ஓட்டுக்குள் குஞ்சு அசைவது அவள் வயிற்றுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ஒரு சாயங்காலம் பண்ணாடி ஆட்களோடு வந்து வேலியைக் கோலால் தட்டிக் காட்டினார். "நாளைக்கு வெடிகாலத்துல ஆரம்பிச்சிரணும். வெயிலுக்கு முன்ன முடிஞ்சிரும்."

பொரிச்சி வேலியை விட்டு வெளியே வந்தாள். தன் வழக்கப்படி மெல்லிய குரலில், "பண்ணாடி, முட்டை இருக்குதுங்க. மேட்டுல வேற வேலி இல்லீங்க" என்றாள்.

"என்னது? சத்தமாச் சொல்லு."

"வேற வேலி இல்லீங்க."

"உனக்காக வேட்டைக்காரனையே நிறுத்திப் போட்டமே, இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்று அவர் சலித்துக்கொண்டார். "எவ்வளவு செஞ்சாலும் நன்றி இல்லாத சாதி." ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் தலையாட்டினார்கள்.

விடியற்காலையில் ஆட்கள் அரிவாளும் கவைக்கோலுமாக வந்தார்கள். முன்னால் வந்தவன் யார் தெரியுமா? நாச்சான்.

"நாச்சண்ணா, நீங்களா?" என்றாள் பொரிச்சி.

அவன் முகத்தைக் காட்டவில்லை. "கண்ணிய எரிச்சுட்டாங்க அம்மணி. ஊட்டுல அரிசி இல்ல. எவன் கூலி தாரானோ அவன் வேலையச் செய்யறேன். நீ எந்திரிச்சுப் போயிரு. உன்மேல அருவா பட்டா எனக்குப் பாவம்."

"எங்கண்ணா போறது? ஒரு எடத்தக் காட்டுங்க, போறேன். நீங்க என்னையக் கண்ணியில புடிச்சிருந்தாக்கூட என்னொருத்தியோட போயிருக்கும். என்ற தங்கச்சி இருந்திருப்பா, அவ புள்ளைங்க இருந்திருக்கும். இப்ப இவங்க யாரையும் புடிக்கல, யாரையும் அடிக்கல. ஆனா ஒருத்தரும் இல்லாமப் போயிட்டமே!"

"பறவையோட என்னடா பேச்சு? வெட்டுடா!" என்று பின்னால் இருந்து அத்தியப்பன் அதட்டினார்.

அரிவாள் ஓங்கியது. முதல் கிளை விழுந்தது. முட்டைமேல் வெளிச்சம் அடித்தது.

அதுவரைக்கும் பொரிச்சி ஒரு நாளும் குரலை உயர்த்தியவள் இல்லை. அவள் அம்மாவும் உயர்த்தியதில்லை. எப்படிக் கத்துவது என்றே அந்தச் சாதிக்குத் தெரியாது. வெட்டுப்பட்ட வேலியின் உச்சிக்கு ஒரே தாவலாகத் தாவி, கழுத்தை நீட்டி, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

அந்தச் சின்னத் தொண்டை தாங்குமா? கிழிந்தது. கழுத்தைச் சுற்றி ரத்தம் கோடு போட்டது. அவள் நிறுத்தவில்லை. "இருக்கீங்களா? யாராவது இருக்கீங்களா?" என்று நாலு திசைக்கும் திரும்பித் திரும்பிக் கத்தினாள்.

ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவள் மூச்சு வாங்க நின்ற நேரத்தில் மேடே அமைதியாக இருந்தது. முன்பு புல்லும் வேலியும் பறவையுமாகச் சலசலத்த மேடு. பதிலே வராது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அப்போது வெகுதூரத்தில், அடுத்த ஊர்க் கரட்டுக் குன்றில், யாரும் பிடுங்க மறந்த ஏதோ ஒரு முள்ளுக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. "இருக்கறேன்!" அதுவும் தொண்டை கிழிந்த குரல்தான். அப்புறம் ஒன்றும் இல்லை.

இத்தனை பெரிய மேட்டுக்கு இந்த ஒன்றும், கூப்பிடு தூரத்துக்கு அந்த ஒன்றும்தான் மிச்சம் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் அப்போது விளங்கியது.

நாச்சான் அரிவாளைக் கீழே போட்டான். "என்னால ஆகாதுங்க பண்ணாடி. கூலியும் வேண்டாம். உங்களுக்கு மனசு வந்தா நீங்களே வெட்டிக்கோங்க."

அத்தியப்பன் அரிவாளை எடுத்தார். வேலிக்குப் பக்கத்தில் வந்தார். பொரிச்சி நகரவில்லை. அவர் முகத்துக்கு நேராக மறுபடி கத்தினாள். அவள் நெஞ்சில் ரத்தம் காயத் தொடங்கியிருந்தது. அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். ஆட்கள் பார்ப்பதைக் கவனித்தார். தப்பு என்று சொன்னாரா? அதெப்படிச் சொல்வார்!

"சரி, சரி. சனியன், காது போச்சு. இந்த ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும். குஞ்சு பொரிச்சதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குஞ்சு பொரித்தது. வேலிக்குள்ளேயே ஓடி வளர்ந்தது. ஆனால் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற சொல்லைப் பொரிச்சி மறக்கவில்லை. அரிவாள் வருகிற நேரம் விடியற்காலை என்பதையும் மறக்கவில்லை. குஞ்சுகளுக்கு இரை பொறுக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் கத்தச் சொல்லிக் கொடுத்தாள்.

அன்று முதல்தான் கௌதாரியின் கழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு இருக்கிறது, ரத்தம் காய்ந்த கோடு. அன்று முதல்தான் பொழுது விடியும் முன்னே அது வேலியில் ஏறி நின்று கத்துகிறது. நம் தூக்கம் கெடுகிறது என்று திட்டுகிறோம்.

இன்னொன்றும் சொல்வார்கள், சிரித்துக்கொண்டே. கௌதாரிக்குப் புத்தி கிடையாதாம். கூண்டில் ஒரு கௌதாரியை வைத்துக் கூப்பிட விட்டால், சுற்றிலும் கண்ணி இருப்பது தெரியாமல் காட்டுக் கௌதாரி ஓடி வந்து மாட்டிக்கொள்கிறதாம். மேடு முழுவதும் தன்னந்தனியாக நின்று, "யாராவது இருக்கீங்களா" என்று நாள்தோறும் தொண்டை கிழியக் கேட்கிற பறவைக்கு, ஒரு நாள் பக்கத்திலிருந்து "இருக்கறேன்" என்று பதில் வந்தால், அது ஓடி வராமல் வேறு என்ன செய்யும்?