கழண்ட பெட்டிக்கு ஒரு ஜனாதிபதி

ஒரு ரயில்ல கடைசிப் பெட்டி ஒண்ணு இருந்துச்சு. எந்த ஸ்டேஷன்லயும் அது பிளாட்பாரத்தைத் தாண்டி வெயில்லதான் நிக்கும். டீ, வடை எதுவும் அங்க வராது. கேட்டா, "அடுத்த ஸ்டேஷன்ல பாக்கலாம்"னு இஞ்சின் சொல்லும்.

ஒருநாள் பெட்டிக்குள்ள இருந்த அபாயச் சங்கிலி பொறுக்க முடியாம தன்னைத்தானே இழுத்துக்கிச்சு. ஒரு ஸ்டேஷன் பக்கத்துல ரயில் நின்னுச்சு. பெட்டி கொக்கியைக் கழட்டிக்கிட்டு, உருண்டு போய்ப் பக்கத்து லைன்ல ஒதுங்குச்சு. "இனிமே நான் தனி ரயில்"னு அறிவிச்சுச்சு.

ஸ்டேஷன் மைக் மட்டும் ஒத்துக்கல. வர்ற போற வண்டியையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடும். இதைப் பத்தி மூச்சு விடாது. மைக் பேர் சொல்லாத வண்டியில யாரு ஏறுவா?

ஜன்னலோர சீட்டுக்குத்தான் அதுல ரொம்ப வருத்தம். ஆள் உக்காந்து பழகின உடம்பு. இப்ப தூசிதான் உக்காருது.

"ஜனாதிபதின்னு ஒருத்தர் இருந்தா மைக் மதிக்கும்"னு மேல் பர்த் சொல்லுச்சு. தேர்தல் வந்துச்சு. சங்கிலியும் ஃபேனும் போட்டி.

"கரண்ட் பழைய ரயில்லருந்துதான் வரணும்," ஃபேன் சொல்லுச்சு. "போய்ப் பேசுவோம். தனியா இருந்துக்கிட்டே பேசலாம், தப்பில்ல."

"துரோகி. காத்து எந்தப் பக்கம் வீசுது பாரு," மேல் பர்த் சொல்லுச்சு.

"கரண்ட் இல்லாம நான் எங்கண்ணே வீசுறது?"

சங்கிலி அதிகம் பேசல. "அன்னிக்கு ரயிலை நிறுத்தினது யாரு?"ன்னு மட்டும் கேட்டுச்சு. பெட்டியே தடதடன்னு ஆடிப்போச்சு.

பேர் சொல்றப்ப கிறீச்சுன்னு சத்தம் கொடுக்கணும், அதான் ஓட்டு. ரெண்டு பக்கமும் சமமா வந்துச்சு. மிச்சம் ஜன்னலோர சீட்.

"யோசிச்சுப் போடுக்கா," ஃபேன் சொல்லுச்சு.

ஃபேன் சொல்றதுதான் சரின்னு சீட்டுக்கும் பட்டுச்சு. ஆனா துரோகின்னு பேர் வாங்கிட்டு இதே பெட்டியில எப்படிக் காலந்தள்ளுறது? சங்கிலியோட பேரைச் சொன்னப்ப சீட் கிறீச்சுன்னுச்சு.

பதவியேற்புக்கு வெளியிலருந்து ஒரு ஆடு வந்துச்சு. அதுவும் நிழலுக்கு வந்ததுதான்.

அப்ப மெயின் லைன்ல பழைய ரயில் வந்து நின்னுச்சு. அதுல இப்ப கடைசியா இருந்த பெட்டியும் வெயில்லதான் நின்னுச்சு. ஆனா ஜன்னலுக்கு ஜன்னல் முகம் இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல அது கிளம்பிப் போச்சு.

சீட் அது போன பக்கமே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் மெதுவா, "தலைவரே, நாம எப்பக் கிளம்புறோம்?"னு கேட்டுச்சு.

சங்கிலிக்குத் தெரிஞ்சது ஒரே வேலை. பலங்கொண்ட மட்டும் தன்னை இழுத்துக்கிச்சு.

நிக்கிற பெட்டி நின்னபடியே இருந்துச்சு.