பதினேழாம் எண் ஸ்பனர்

ஒரு ஸ்பனர் கூடிவிட்டது.

குறைந்திருந்தால் யாரும் திகைத்திருக்க மாட்டார்கள். குறைந்தால் என்ன செய்வதென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். விமானம் பறக்காமல் நிற்கும். தளபதியே வந்து கெஞ்சினாலும் நிற்கும். கருவிப் பெட்டிக்குள் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே வெட்டிய குழி உண்டு. வேலை முடிந்ததும் குழிகளைப் பார்த்தால் போதும். ஒரு குழி வெறுமையாக இருந்தால், அந்தக் கருவி விமானத்தின் வயிற்றுக்குள் எங்கோ கிடக்கிறது.

அன்று எந்தக் குழியும் வெறுமையில்லை. நாலாம் பெட்டியில் முப்பத்திரண்டு குழி, முப்பத்திரண்டு கருவி. முப்பத்துமூன்றாவது அருமைநாதனின் கையில் இருந்தது.

மூன்று தரம் எண்ணினான். மூன்று தரமும் அப்படித்தான்.

கனடாவின் வடக்கு. பெப்ரவரி மாதம், காலை ஒன்பது மணி. பூச்சியத்துக்குக் கீழே நாற்பத்தொரு பாகை குளிர். விமானக் கொட்டகையான ஹாங்கருக்கு வெளியே பனிப்புகார் சுவர்போல நின்றது. அந்தக் குளிரில் சத்தம் வெகுதூரம் நடக்கும். இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் யாரோ இருமினால் காதுக்குள் இருமியதுபோல இருக்கும். திரும்பினால் ஆள் இராது. வந்த புதிதில் அருமைநாதன் திரும்பிப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான்.

அவனுக்கு நாற்பத்தாறு வயது. மன்னாரில் பஸ் திருத்தினவன். ரொறன்ரோவில் லொறி திருத்தினவன். நாற்பத்துமூன்று வயதில் விமானப்படையில் சேர்ந்தான். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வான். அவனுக்கு வேலை பழக்கியவள் சார்ஜன்ட் தவமலர். அவனைவிட ஒன்பது வயது இளையவள். முதல் நாளே அவளைப் 'பிள்ளை' என்று கூப்பிட்டுவிட்டான்.

"வெளியில பிள்ளை எண்டு கூப்பிடுங்கோ, அண்ணை. ஹாங்கருக்குள்ள சார்ஜன்ட்."

அதோடு சரி.

விமானம் மஞ்சள் நிறம். காணாமற் போனவர்களைத் தேடி மீட்கிற விமானம். தவமலரைவிட அதற்கு வயது கூட. அதன் வாலுக்குள் ஏதோ தட்டும். பறக்கும்போது மட்டும். டொக், டொக். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. ஒன்பது வருடமாக இந்தக் கதை. நாலு தரம் திறந்து பார்த்து, நாலு தரமும் 'தரையில் கோளாறு காணவில்லை' என்று எழுதி மூடினார்கள். விமானிகளுக்கும் பழகிவிட்டது. ஏறுமுன் வால்பக்கத் தகட்டில் இரண்டு தரம் தட்டிவிட்டுத்தான் ஏறுவார்கள். உள்ளே இருப்பவனுக்கு வணக்கம் சொல்லுகிறார்களாம். புதிதாக வந்தவன் இதைப் பார்த்துச் சிரிப்பான். ஒரு மாதத்தில் அவனும் தட்டுவான்.

முந்தின நாள் பறந்தபோது தட்டல் பலமாக இருந்தது என்றார்கள். அதைப் பார்க்கத்தான் அருமைநாதன் காலையில் வாலின் அடித்தகட்டைக் கழற்றினான். பாதி வேலையில் அழைப்பு வந்தது. மீன்பிடிக்கப் போன ஒரு கணவனும் மனைவியும் கடற்பனியில் அகப்பட்டிருந்தார்கள். அவர்கள் நின்ற பனித்தட்டு கரையை விட்டு உடைந்து, அவர்களோடு மிதந்து போய்விட்டது. இரவு முழுக்க அதில்தான் நின்றிருக்கிறார்கள். அரைமணிக்குள் விமானம் எழும்ப வேண்டும். மூடு, மூடு என்றார்கள். மூடுமுன் எண்ணினான்.

கூடிய ஸ்பனரைக் காற்சட்டைப் பைக்குள் போட்டால் தீர்ந்தது. யார் கேட்கப் போகிறார்கள்? கை பைக்குள் போனது. துணியைத் தாண்டி இரும்பு தொடையில் சுட்டது. அவ்வளவு குளிர். ஹாங்கருக்குள் அத்தனை குளிர் கிடையாது.

வெளியே எடுத்தான். தவமலரிடம் கொண்டுபோனான்.

"சார்ஜன்ட், ஒண்டு கூடிப்போச்சு."

"என்ன கூடினது?"

"ஸ்பனர். பெட்டி நிறைய இருக்கு. இது மிச்சம்."

"வேற பெட்டியில இருந்து வந்திருக்கும்."

"நாலாம் பெட்டி, பதினேழாம் எண் எண்டு வெட்டியிருக்கு. எங்கட பதினேழு குழிக்குள்ள கிடக்கு. அதிலயும் இதே எண்தான்."

அவள் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

"எங்க எடுத்தனீங்கள்?"

அவன் வாலின் திறப்பைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுங்கோ அண்ணை. நேரமில்லை."

"மல்லாந்து கிடந்து வேலை செய்தனான். கை உள்ளுக்க இருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடம். 'ஸ்பனரைத் தா' எண்டு கேட்டன். பழக்கதோசம். கையில வந்து இருந்தது."

"ஆர் தந்தது?"

"பக்கத்தில ஆரோ நிக்கினமாக்கும் எண்டு நினைச்சன். எழும்பிப் பாத்தா ஒருத்தருமில்லை. உள்ளுக்க இருந்துதான் தந்தது, பிள்ளை."

பிள்ளை என்றதை அவள் திருத்தவில்லை.

கப்டன் ராஸ்முசன் வந்தான். அன்று விமானத்தை ஓட்ட வேண்டியவன். பறக்கும் உடுப்போடு வேர்த்துப்போய் நின்றான்.

"ஏன் இன்னும் மூடவில்லை?"

"ஒரு கருவி கூடியிருக்கிறது" என்றாள் தவமலர்.

"குறைந்திருக்கிறதா?"

"இல்லை."

"பெட்டி நிறைந்திருக்கிறதா?"

"நிறைந்திருக்கிறது."

"அப்படியானால் உனக்கு ஒரு ஸ்பனர் இலவசம். வீட்டுக்குக் கொண்டுபோ. விமானத்தை வெளியே எடு."

"எடுக்க முடியாது."

"குறைந்தால் நிறுத்து என்றுதான் விதி. கூடினால் நிறுத்து என்று எங்கே இருக்கிறது? காட்டு."

"எங்கேயும் இல்லை."

"அங்கே இரண்டு பேர் தண்ணீருக்கு மேல் நிற்கிறார்கள், சார்ஜன்ட்."

"தெரியும்."

"செத்துப்போனால் உன் பெயரைத்தான் சொல்வேன்."

"சொல்லுங்கள்."

கப்டன் விமானத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினான். நாலடிக்கு ஒரு தரம் மணிக்கூட்டைப் பார்த்தான்.

அருமைநாதனுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பனித்தட்டில் நிற்கிற இரண்டு பேரும்தான் நினைப்பில் நின்றார்கள். தான் சார்ஜன்டிடம் ஒரு ஸ்பனரை நீட்டியதால் வந்த வினை.

"அவர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு, சார்ஜன்ட். குறைஞ்சா தேடுறம். கூடினா என்னத்தைத் தேடுறது?"

தவமலர் நாலாம் பெட்டிக்குப் போனாள். குழிக்குள் கிடந்த பதினேழை எடுத்தாள். அவன் வலது கையில் வைத்தாள். வந்த ஸ்பனரை இடது கையில் வைத்தாள்.

"கண்ணை மூடுங்கோ."

மூடினான்.

"பெருவிரலால தடவுங்கோ. ரெண்டையும்."

வலது கை ஸ்பனர் கடையில் வாங்கியபடி இருந்தது. தண்டின் விளிம்பு நேராக ஓடியது. இடது கையில் பெருவிரல் வழுக்கி ஓரிடத்தில் இறங்கியது. கிணற்றுக் கட்டில் கயிறு அறுத்த தடம்போல வழவழப்பான ஒரு பள்ளம்.

"பள்ளம் இருக்கு."

"எது அறுத்தது?"

யோசித்தான். இரும்பை அறுப்பது இரும்புதான். வாலுக்குள் ஓடியபடியே இருக்கிற இரும்பு எது? விமானி கைப்பிடியை இழுத்தால் வாலை அசைக்கிற கம்பி. அது அறுந்தால் விமானத்தின் மூக்கைத் தூக்க முடியாது.

கண்ணைத் திறந்துவிட்டான்.

"ஸ்பனரில இவ்வளவு பள்ளமெண்டால் கம்பியில எவ்வளவு இருக்கும்?" என்றாள். "கூடினா, இவ்வளவு நாளும் குறைஞ்சிருந்தது எண்டு அர்த்தம் அண்ணை. ஆரோ மறைச்சிருக்கினம்."

லைட்டை எடுத்துக்கொண்டு வாலுக்குள் ஊர்ந்து போனாள். அவளுடைய சப்பாத்துகளும் உள்ளே மறைந்தன. அருமைநாதன் திறப்புக்குக் கீழே நின்றான். உள்ளே துணி உரசும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

டொக், டொக்.

"நீங்களோ சார்ஜன்ட் தட்டினது?"

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நானில்லை. வெளியில ஆரும் தட்டினவையோ?"

"இல்லை."

"சரி."

உள்ளே மறுபடி துணி உரசியது. விமானத்தின் மறுபக்கம் நடந்துகொண்டிருந்த கப்டனின் காலடி நின்றிருந்தது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

தவமலர் வெளியே வந்தாள். முழங்கை வரை கறுப்பு.

"வந்து பாருங்கள் கப்டன்."

கப்டன் தலையை உள்ளே விட்டான். அவள் லைட்டைப் பிடித்தாள். ஏழு புரி சேர்த்து முறுக்கிய கம்பி. ஐந்து புரி அறுந்து, மயிர் சிலிர்த்ததுபோல விரிந்து நின்றது.

"இரண்டில் தொங்கியா நேற்றுப் பறந்தேன்?"

"நேற்று மூன்று இருந்திருக்கலாம்."

கப்டன் தலையை வெளியே எடுத்தான்.

"எவ்வளவு நேரம் வேண்டும்?"

"நாலு மணித்தியாலம்."

"மூன்று?"

"நாலு."

அவன் வாதாடவில்லை. வானொலிக்குப் போனான்.

புதுக் கம்பி ஓட்டினார்கள். இழுத்துக் கட்டினார்கள். அதில் கைவைக்காத ஒருத்தரைக் கூப்பிட்டு முழுவதையும் சோதிக்கச் சொன்னார்கள். அதற்கிடையில் யாரும் பகிடி விட்டுச் சிரிக்கவில்லை. தேத்தண்ணி குடிக்கவும் யாரும் போகவில்லை. பனித்தட்டு கடலுக்குள் இன்னும் ஆறு கிலோமீற்றர் போய்விட்டது என்று செய்தி வந்தது. அருமைநாதன் ஒரே ஆணியை இரண்டு தரம் கோணலாகப் பூட்டினான். தவமலர் அவன் கையிலிருந்ததை வாங்கித் தானே பூட்டினாள்.

பிற்பகல் ஒன்று இருபதுக்கு விமானம் வெளியே போனது. ஏறுமுன் கப்டன் வால்பக்கம் வந்தான். தட்டக் கையை உயர்த்தினான். தட்டவில்லை. உள்ளங்கையைத் தகட்டில் வைத்தான். எடுத்தான். ஏறிப் போய்விட்டான்.

மூன்று பத்துக்கு வானொலி கரகரத்தது. கண்டாயிற்று. இரண்டு பேரும் உயிரோடு நிற்கிறார்கள். கூடாரமும் உணவும் போட்டாயிற்று, ஹெலிகொப்டர் வந்து அவர்களை ஏற்றப் போகிறது. கணவனுடைய கால்விரல்கள் சில தப்பாது.

கப்டன் கடைசியில் ஒன்று சொன்னான்.

"வாலில் சத்தமில்லை. ஓர் ஆள் குறைந்து பறக்கிறது மாதிரி இருக்கிறது."

தவமலர் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். இரண்டு ஸ்பனர்களையும் மேசை லைட்டுக்குக் கீழே வைத்தாள். எண்களைக் குனிந்து பார்த்தாள். இரண்டிலும் ஏழுக்கு நடுவே குறுக்காக ஒரு கோடு. இரண்டிலும் ஒன்று என்ற இலக்கம் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஒரே கை வெட்டிய எண்கள்.

குறுக்குக் கோட்டைப் பெருவிரலால் தடவினாள்.

"இந்தக் கையை எனக்குத் தெரியும்."

"ஆற்ற கை?"

"எனக்கு வேலை பழக்கினவற்ற."

"செத்துப்போனாரெண்டு சொன்னனீங்கள்."

"நாலு வருசம்."

"மூண்டு தரம் எண்ணு எண்டு உங்கட தலையில குட்டினவரெல்லோ அவர்?"

"ஓம். அவர்தான். துலைச்சிட்டார். தேடியிருப்பார், கிடைக்கேல்லை. புதுசு வாங்கி, எண் வெட்டி, குழிக்குள்ள வைச்சிட்டார். எண்ணிக்கை சரி."

தவமலர் பள்ளம் விழுந்த ஸ்பனரைத் தள்ளி வைத்தாள்.

"அதுக்குப் பிறகு அஞ்சு வருசம் உயிரோட இருந்தவர். இந்த விமானம் எழும்பிற நேரமெல்லாம் ஓடுபாதை ஓரத்தில வந்து நிப்பார். இறங்குமட்டும் நிப்பார். பனிப்புயலிலயும் நிண்டவர். மூக்கு நுனி கறுத்துப்போச்சு. நாங்கள் அதைப் பாசம் எண்டு நினைச்சம்."

அறிக்கையில் இரண்டு கட்டம் இருந்தது. பிழைக்குக் காரணமானவர். பிழையைச் சரிசெய்தவர்.

"தெரியேல்லை எண்டு போடுங்கோ சார்ஜன்ட். செத்த மனுசன். அவரைப் போய்..."

"எண்ணிக்கையைச் சரியாக்கச் சொல்லுறியளோ, அண்ணை?"

அவன் அறிக்கையை அவள் பக்கம் தள்ளினான்.

முதற் கட்டத்தில் அவர் பெயரை எழுதினாள். பேனா இரண்டாம் கட்டத்துக்கு வந்து நின்றது.

"அதில உங்கட பேர்" என்றான். "கம்பி மாத்தினது நீங்கள்."

"கம்பி மாத்தினது நான்தான்."

"பின்ன?"

"மாத்த வேணுமெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் ஸ்பனரைக் கொண்டந்து தந்தன்."

"உங்களுக்கு ஆர் தந்தது?"

அருமைநாதன் தன் இடது கையைப் பார்த்தான்.

"அப்ப ஆற்ற பேரை எழுதப் போறியள்?"

மேலே எழுதிய பெயரையே கீழேயும் எழுதினாள். எழுதிக்கொண்டே சொன்னாள்.

"பேர்னார் லெத்தூர்னோ."